ஏழாம் பக்கத்து ஜன்னல்

கோடை வந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. பத்து மாதம் என்னை மறந்து கிடந்தவர்கள் எல்லாம், மின்விசிறி அனலை வாரி இறைக்க ஆரம்பித்ததும் என்னை நினைத்துக்கொள்வார்கள். "வீட்டைக் கொஞ்சம் குளுகுளுன்னு மாத்திக் கொடுங்க மேடம்" என்பார்கள், நான் ஏதோ ஐஸ் கம்பெனி நடத்துவது மாதிரி. நான் செய்வது வீட்டு உள்ளலங்கார வேலை. அதிலும் கோடைக்கால மாற்றம் என்றால் இங்கே என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது புரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னிடம் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கனத்த திரைச்சீலையை மடித்துப் பரண் மேல் போடு, மெல்லிய பருத்தியைத் தொங்கவிடு. கம்பளத்தைச் சுருட்டு, தரை வெறுமையாக இருக்கட்டும். வெல்வெட் தலையணை உறையை அடுத்த குளிர்காலம் வரை கண்ணில் காட்டாதே. கூடத்தில் இருக்கும் சாமான்களில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்று. வெள்ளை அடித்தால் வீடு குளிரும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான்; மேற்கு வெயில் பட்டால் வெள்ளைச் சுவர் கண்ணைக் குத்தும், அதனால் வெள்ளையில் ஒரு சொட்டுப் பச்சையைக் கலக்கு. மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு உள்ளே மாட்டாதே, வெளியே மாட்டு. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே விட்டுவிட்டு அப்புறம் அதோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். என் வழக்கம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் மற்றவர்கள் செய்ய மாட்டார்கள். வேலையைத் தொடுவதற்கு முன்பும், பொருள்களை வைத்த பிறகும், ஒரு முழுப் பகல் அந்த வீட்டுத் தரையில் சாக்பீஸோடு உட்கார்ந்திருப்பேன். மணிக்கு ஒரு தடவை வெயில் தரையில் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மணியை எழுதுவேன். சாயங்காலம் பார்த்தால் வெயில் அந்த வீட்டுக்குள் நடந்த வழி முழுக்கத் தெரியும். என்னோடு வேலை செய்யும் தச்சர், "மேடம் பள்ளிக்கூடம் நடத்துறாங்க" என்று கிண்டல் செய்வார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினைந்து வருடமாக என் வரைபடங்களை மரமாக்கித் தருபவர் அவர்தான்.

என்னிடம் ஒரு ஆல்பம் உண்டு. இப்போது எல்லோரும் போனில் படம் காட்டுகிறார்கள். எனக்குக் கனமான அட்டை போட்ட ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு புரட்டினால்தான் வேலை ஓடும். அதில் ஏழாம் பக்கம் ஒரு ஜன்னல். அகலமான, கம்பியே இல்லாத மேற்கு ஜன்னல். அதன் கீழே முழு நீளத்துக்கு ஒரு தாழ்ந்த மர பெஞ்சு. மேலே கோடு போட்ட பருத்தி மெத்தை, இரண்டு தலையணைகள், காற்றில் பாதி எழும்பிய திரைச்சீலை. பார்த்தாலே போய் உட்காரத் தோன்றும். பத்துப் பேர் ஆல்பத்தைப் புரட்டினால் ஆறு பேர் ஏழாம் பக்கத்தில் விரலை வைப்பார்கள். அப்படிப் பதினோரு வீட்டில் அந்த பெஞ்சைப் போட்டிருக்கிறேன்.

அந்த பெஞ்சுக்கு ஒரு வியாதி உண்டு. இருந்த இடத்தில் இருக்காது. போட்ட ஒரு மாதத்துக்குள் எல்லா வீட்டிலிருந்தும் போன் வரும். "மேடம், பெஞ்சு ஜன்னலை விட்டுத் தள்ளி வந்துடுது." நான் தரையைக் குறை சொல்வேன். இந்தக் காலத்துத் தரைக்கல் அப்படி வழுக்குகிறது. கால்களுக்கு அடியில் ரப்பர் ஒட்டிப் பார்த்தேன், அப்போதும் நகர்ந்தது. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்தான் மிஞ்சியது. தச்சரை அனுப்பி நாலு காலையும் தரையோடு திருகு போட்டு முடுக்கிவிடுவது. அதன் பிறகு புகார் வராது. பதினோரு வீட்டிலும் முடுக்கிவிட்டோம்.

இந்தக் கோடையின் ஆரம்பத்தில் ஒரு இளம்பெண் போன் செய்தாள். புதிதாகக் குடி வந்திருக்கிறார்களாம், புருஷனுக்கு வெளியூர் வேலை, வாரக் கடைசியில்தான் வருவானாம், கூடம் அடுப்பாகக் கொதிக்கிறதாம். விலாசம் சொன்னாள். நான் எழுதிக்கொண்டே வந்த கை நின்றுவிட்டது. மூன்றாவது மாடி, படியேறியதும் இடது பக்கக் கதவு.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். கோடையில் எனக்கு வேலைக்கா பஞ்சம்? ஆனால் மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாளே. அதற்கு எட்டு வருடமாக என்னிடம் பதில் இல்லை. "நாளைக்கு வரேன்மா" என்று சொல்லிவிட்டேன்.

கதவைத் திறந்தவளுக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, அதன் வாயில் ஒரு சாவிக்கொத்து.

"வாங்கக்கா. இவளைக் கண்டுக்காதீங்க. வாலுன்னுதான் கூப்பிடறோம். எதைப் பார்த்தாலும் ஏறிடுவா. நேத்து வாஷிங் மெஷின் மேல இருந்தா."

கூடத்துக்குள் போனேன். என் கண் நேராக மேற்குச் சுவருக்குத்தான் போயிற்று. அங்கே ஜன்னல் இருந்தது. ஒரு பெரிய பீரோ அதை விட்டு அரையடி தள்ளி நின்றது.

"அதான் அக்கா அதிசயம்" என்றாள். "நாங்க வந்தப்போ அங்க பீரோதான் இருந்துச்சு. சுத்தம் பண்ணலாம்னு நகர்த்தினா பின்னாடி இவ்வளவு பெரிய ஜன்னல். யாரோ பைத்தியக்காரங்க, இத்தனை நல்ல ஜன்னலை மறைச்சு வச்சிருக்காங்க. வீட்டு ஓனரைக் கேட்டா மேற்கு வெயில்னு மழுப்பறார்."

நான் தரையைப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே நாலு இடத்தில் வெள்ளை சிமெண்டு வைத்து அடைத்த ஓட்டைகள். ஒவ்வொன்றும் சுண்டு விரல் அகலம்.

அவள் ஆல்பத்தைப் புரட்டினாள். ஆறு பக்கம்கூட நிதானமாகப் பார்க்கவில்லை. ஏழாவதில் நின்றாள். "அக்கா, இது. இதேதான் வேணும். பாருங்க, ஜன்னல்கூட நம்ம ஜன்னல் மாதிரியே இருக்கு."

மாதிரி என்ன மாதிரி. அதே ஜன்னல்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு ஆசிரியை இருந்தாள், கணவனோடும் நாலு வயதுப் பையனோடும். ஜன்னலில் அப்போது கம்பி இருந்தது. நான்தான் எடுக்கச் சொன்னேன். கம்பி கண்ணை உறுத்துகிறது, காற்றைக் கிழிக்கிறது, கோடையில் ஜன்னல் என்பது திறந்த கையாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அளந்துவிட்டேன். எனக்கு அப்போது பேச்சு நன்றாக வரும். "பையன் இருக்கானே" என்று அந்த அம்மா இழுத்தாள். "அதான் பெஞ்சு போடறோமே, ஜன்னல்கிட்ட யாரும் நேரா போக முடியாது" என்றேன். பெஞ்சு போட்டால் எட்டாத ஜன்னல் எட்டும் என்று ஒரு அலங்காரக்காரிக்குத் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை.

வேலை முடிந்த மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம், மூன்றேகால் மணிக்கு, அந்தப் பையன் அந்த ஜன்னலிலிருந்து விழுந்தான். பிழைக்கவில்லை. தச்சர்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். நான் போய் முகம் காட்டவில்லை. அந்த அம்மா இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. அப்புறம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: "நீங்க எடுத்த போட்டோல அவன் இருந்தா ஒரு காப்பி வேணும்." அதற்கும் பதில் போடவில்லை. அந்தப் படத்தை வெட்டி ஏழாம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன், அவ்வளவுதான் நான் செய்தது. இதற்குமேல் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை.

"கம்பி போட்டுடலாம்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "குழந்தை இருக்கு பாருங்க."

"படத்துல கம்பி இல்லையேக்கா. கம்பி வச்சா ஜெயில் மாதிரி ஆயிடும். இவ நடக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தானே ஆகுது, பெரியவளானா பார்த்துக்கலாம்."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாலு என் சாக்பீஸைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்குகிற சாக்கில், "சரி, முதல்ல பெஞ்சைப் போடுவோம், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டேன். எப்படியும் வேலை முடிவதற்குள் கம்பி போட வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் தச்சரும் ஒரு கூலியாளும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல கனம். தச்சர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"மேடம், இந்தப் படிக்கட்டு எனக்குத் தெரியும்."

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

நான் முன்னால் படியேறினேன். அவர் பெஞ்சின் நுனியை மறுபடி தூக்கினார். பெஞ்சை ஜன்னலுக்கு அடியில் வைத்தபோது நாலு காலும் அந்த நாலு சிமெண்டு அடைப்பின் மேலேயே உட்கார்ந்தன. எட்டு வருடமாக ஒரே அளவுப் பலகையை வைத்து வெட்டுகிறார், வேறெங்கே உட்காரும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

மறுநாள் நான் சாக்பீஸோடு உட்கார்ந்தேன். அந்தப் பெண் வாலுவைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். அன்றைக்கு வெளியே இலை அசையவில்லை. புதுத் திரைச்சீலை செத்துத் தொங்கியது. ஒரு மணிக்கு ஒரு கோடு, இரண்டு மணிக்கு ஒரு கோடு. வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்து, பெஞ்சு மேல் ஏறி இறங்கி, தரையில் மெல்ல நீண்டது. மூன்று மணிக் கோட்டைப் போட்டேன். தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போனேன்.

குழாயை மூடும்போது சத்தம் கேட்டது. ரப்பர் கல்லில் இழுபடுகிற சத்தம், டர்ர்ர் என்று. நின்றது. மறுபடி டர்ர்ர். அவசரமே இல்லாத சத்தம். யாரோ மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் தள்ளுகிற மாதிரி நிதானமாக வந்தது.

நான் ஓடவில்லை. ஓட முடியவில்லை என்பதுதான் உண்மை. சத்தம் அடங்கிய பிறகு கூடத்துக்கு வந்தேன். பெஞ்சு கூடத்தின் நடுவில் நின்றது. ஜன்னலிலிருந்து அங்கே வரை தரையில் நாலு கறுப்புத் தடம். தடம் நேராக இல்லை. கூடத்துத் தூணை ஒட்டி அழகாக வளைந்து திரும்பியிருந்தது. என் மணிக் கோடுகள் எல்லாம் கலைந்து சாக்பீஸ் பொடி பெஞ்சின் பக்கப் பலகையில் ஏறியிருந்தது. அந்தப் பொடியில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. என் முழங்காலுக்கும் கீழே, பக்கத்தில் பக்கத்தில், பத்து விரலும் விரிந்து. வாலுவின் கையைவிடப் பெரியவை. அந்த வீட்டில் வேறு குழந்தை கிடையாது.

எனக்கு அந்தக் கைகளைத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க நான் காமிராவை நிமிர்த்தும்போதெல்லாம் அந்தப் பையன் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். அப்போது கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டுதான் ஒட்டியிருந்தோம், நாலு வயதுக்காரனும் தள்ளலாம். பெஞ்சு அவனுக்கு பஸ். தலையைக் குனிந்து, பலகையில் இரண்டு கையையும் ஊன்றி, தூணைச் சுற்றிக் கூடத்தை ஒரு வட்டம் அடித்து வந்து, என் முன்னால் நிறுத்துவான். "ஏறுங்க ஆன்ட்டி, வண்டி கிளம்புது" என்பான். "வேலை இருக்குடா, போடா அந்தப் பக்கம்" என்பேன். அவன் அம்மாவும் சலித்துக்கொண்டாள், "நீங்க வைக்கிற இடத்துல ஒரு நாள் இருக்கறதில்ல மேடம்." அலங்காரம் இடம் மாறினால் எனக்குப் பொறுக்காது. மறுநாளே தச்சரை விட்டு நாலு காலையும் தரையோடு முடுக்கினேன். பஸ் ஓடவில்லை. ஓடாத பஸ்ஸை அவன் எத்தனை நாள் தள்ளிப் பார்த்தானோ தெரியாது. அப்புறம் அதன் மேல் ஏறி நின்றான்.

கூலியாளைப் போன் போட்டு வரவழைத்து, இருவருமாகப் பெஞ்சைத் திரும்ப ஜன்னலடிக்குக் கொண்டுபோனோம். தரையைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் முதுகில் வெயில் எரிந்தது.

அடுத்த நாள் அந்தப் பெண் போன் செய்தாள். "அக்கா, உங்க ஆளுங்க யாராவது வந்தாங்களா? நான் தூங்கி எழுந்து பார்த்தா பெஞ்சு நடுக்கூடத்துல நிக்குது."

"தரை வழுக்குதும்மா" என்றேன். பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதற்கடுத்த நாளும் போன். இந்தத் தடவை குரலில் எரிச்சல் இருந்தது. "பக்கத்து வீட்டு அண்ணனைக் கெஞ்சித் தள்ளி வைக்கறேன். மூணு மணிக்கு மேல பார்த்தா மறுபடி நடுவுல நிக்குது. அழகே போச்சு. ஸ்குரூ போட்டு முடுக்கிடுங்கக்கா, நகரவே கூடாது."

"சரி" என்றேன். சொல்லிவிட்டு அலமாரியின் அடித்தட்டைக் கிளறினேன். வெட்டாத படம் பழைய உறை ஒன்றில் இருந்தது. இடது ஓரத்தில் கடுகு மஞ்சள் சட்டை, குனிந்த தலை, பெஞ்சில் ஊன்றிய இரண்டு கைகள். முகம் தெரியவில்லை. அவன் தள்ளிக்கொண்டிருந்தான். அவனை வெட்டி எறிந்துவிட்டுத்தான் அந்த ஜன்னலைப் பதினோரு வீட்டுக்கு விற்றேன். பதினோரு வீட்டிலும் பெஞ்சு நகர்ந்தது. அவை எப்படிப்பட்ட வீடுகள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மழலை பேசுகிற பேத்தி இருந்த வீடு, இரட்டைப் பிள்ளைகள் இருந்த வீடு, பிள்ளைத்தாய்ச்சி இருந்த வீடு. நகர்ந்த பெஞ்சையெல்லாம் நான் முடுக்கினேன். அவன் இழுத்துக்கொண்டு போனதை நான் திரும்பக் கொண்டுபோய் ஜன்னலடியில் கட்டிப்போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். எட்டு வருடம் தள்ளி வந்த அழுகை அது.

மறுநாள் மத்தியானம் தச்சர் துளைக்கும் கருவியோடு வந்தார். அந்தப் பெண் வாலுவை இறக்கிவிட்டாள். பெஞ்சு நடுவில்தான் நின்றது. தள்ளி ஜன்னலடியில் வைத்தோம். வைத்த அடுத்த நொடி வாலு ஓடிப்போய் அதில் ஒரு காலைத் தூக்கிப் போட்டாள், ஏறினாள், நின்றாள். ஜன்னல் விளிம்பு அவள் இடுப்புக்கு இருந்தது. "அடி வாலு" என்று அம்மாக்காரி சிரித்துக்கொண்டே தூக்கினாள்.

தச்சர் மண்டியிட்டு முதல் காலுக்கு அடியில் கருவியை வைத்தார். பழைய சிமெண்டு உதிர்ந்தது. அவர் நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

"பழைய ஓட்டையிலேயே இறங்குது மேடம். போடட்டுமா?"

பதினைந்து வருடத்தில் அவர் என்னை எதற்கும் அப்படிக் கேட்டதில்லை. நான் சொன்னதைச் செய்வார், அவ்வளவுதான். அவர் கண்ணில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது.

"வேண்டாம்ண்ணே" என்றேன். "எழுந்திருங்க."

"ஏங்க்கா, என்னாச்சு?" என்றாள் அந்தப் பெண்.

பையிலிருந்து படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இது உங்க ஜன்னல் மாதிரி இல்லம்மா. உங்க ஜன்னலேதான்." அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியை எடுக்கச் சொன்னது, பஸ், திருகு, மூன்றேகால் மணி, எடுக்காத போன். எதையும் பூசி மெழுகவில்லை. அவள் படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க வாலுவை இறுக்கிக்கொண்டே வந்தாள், குழந்தை திமிற ஆரம்பித்துவிட்டது.

"முதல் நாளே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா சாக்பீஸ் கோடு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க? என் பொண்ணு இத்தனை நாளா இங்கதானே சுத்திக்கிட்டு இருக்கா?"

"ஆமாம்மா."

அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தச்சரைப் பார்த்துத் திரும்பினாள்.

"பெஞ்சைத் தள்ளறது அந்தப் பையனா?"

தச்சர் தலையைச் சொறிந்தார். "பஸ் ஓட்டுவான்மா. நல்ல பையன். எனக்குக்கூட டிக்கெட் கிழிச்சுக் கொடுத்திருக்கான்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் வழியாக வெயில் வந்து எங்கள் மூவரின் கால் வரை நீண்டது. அப்புறம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கம்பி போடற ஆளை இப்பவே கூப்பிடுங்க. போட்டு முடிக்கற வரைக்கும் நீங்க இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பெஞ்சு நடுவுலயே இருக்கட்டும். எங்கயாவது போகணும்னா போகட்டும்."

இருட்டுவதற்குள் வெல்டர் வந்து கம்பி போட்டார். நான் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து அங்கேயே நின்றேன். கிளம்பும்போது அவள் கதவு வரை வரவில்லை. வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆல்பத்திலிருந்து ஏழாம் பக்கத்தைக் கிழித்தேன். வெட்டாத படத்தை ஒரு காப்பி எடுத்து, அந்த ஆசிரியையின் பழைய நம்பருக்கு அனுப்பினேன், ஒரு பெரிய மன்னிப்போடு. நம்பர் மாறியிருக்கும் என்று பாதி நம்பினேன். இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இந்தச் சட்டை அவனுக்குப் பிடிச்சது" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அப்புறம் நானும் தச்சரும் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் ஏன் வந்தோம் என்று சொன்னேன். சிலர் முகம் வெளுத்தார்கள், ஒருவர் போலீசுக்குப் போவேன் என்றார், ஒரு அம்மாள் சிரித்தாள். கம்பி போடாமல் எந்த வீட்டை விட்டும் நாங்கள் இறங்கவில்லை. பெஞ்சுகளின் திருகைக் கழற்றினோம். பல வீட்டில் திருகுகளைச் சுற்றி மரம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது, எவ்வளவோ நாளாக யாரோ ஆட்டிப் பார்த்த மாதிரி. தச்சர் அந்தப் பள்ளங்களை விரலால் தடவிப் பார்ப்பார்.

பதினோராவது வீட்டுக்குப் போனபோது மத்தியானம் மூன்று மணி. வீட்டுக்காரம்மாள் எங்களை உள்ளே விட்டுவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். வெல்டரை முன்கூட்டியே அனுப்பிக் கம்பி காலையிலேயே போட்டாயிற்று. தச்சர் மண்டியிட்டு நாலாவது திருகைக் கழற்றி, நாலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"முடிஞ்சுது மேடம். கிளம்பலாமா?"

நான் பெஞ்சைப் பார்த்தேன். பக்கப் பலகையில், என் முழங்காலுக்குக் கீழே, வெயில் விழுந்துகொண்டிருந்தது. போய் அதன் மேல் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் இருங்கண்ணே. நீங்களும் இப்படி வந்து உட்காருங்க."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் பிரயாணிகள் மாதிரி மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுவர்க் கடிகாரம் மூன்றேகாலைத் தாண்டியது.

"ஏறிட்டேன்டா" என்றேன்.

பெஞ்சுக் கால்களுக்கு அடியில் ரப்பர் மெதுவாக முனகியது. தச்சர் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.